உபுண்டு 24.04க்கு மாறியதிலிருந்து திரை இழுக்கிறது (இன்டெல் + என்விடியா லேப்டாப்)

தூரிகைத்துளி:

வணக்கம். சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். வேலை முழுக்க கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில். லேப்டாப்பில் இன்டெல் யுஎச்டி 620 கிராஃபிக்ஸ், கூடவே என்விடியா எம்எக்ஸ்150, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. இயங்குதளம் லினக்ஸ் வகையான உபுண்டு, 22.04 இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. 24.04க்கு அப்கிரேடு செய்ததிலிருந்து திரையில் எது அசைந்தாலும் இழுக்கிறது.

பேனா டேப்லெட்டில் ஒரு கூந்தல் கற்றையை வளைத்து இழுக்கிறேன் என்று வையுங்கள். கை முடித்து மேலே எடுத்த பிறகுதான் கோடு ஊர்ந்து வந்து சேருகிறது. வந்த கோடும் வளைவாக இல்லை, அங்கங்கே ஒடிந்து நிற்கிறது. கேன்வாஸைச் சுழற்றினால் துண்டு துண்டாகத்தான் புதுப்பிக்கிறது. ஒரு ஜன்னலை இழுத்தாலே மவுஸ் முன்னால் போகிறது, ஜன்னல் பின்னால் வருகிறது. ஃபேன் ஓயாமல் ஓடுகிறது. டாப் கட்டளை போட்டுப் பார்த்தால் டெஸ்க்டாப்பை நடத்தும் க்னோம் ஷெல் மட்டுமே சிபியுவில் 200 சதவீதத்துக்கு மேல் எடுக்கிறது (ஒரு கோர் 100 சதவீதம்).

இன்னும் சில விஷயங்கள் உண்டு, தொடர்பு இருக்கிறதா தெரியவில்லை. வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்யவில்லை. எச்டிஎம்ஐயில் மாட்டும் இரண்டாவது மானிட்டரை லேப்டாப் கண்டுகொள்வதே இல்லை. மூடியைச் சாத்தித் திறந்தால் திரை கறுப்பாகவே கிடக்கிறது.

அனிமேஷன்களை அணைத்தேன், ரேமிலிருந்து டிஸ்க்குக்குத் தள்ளுவதைக் கட்டுப்படுத்தும் ஸ்வாப்பினஸைக் குறைத்தேன், கிரிட்டாவில் கேன்வாஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்தும் பார்த்தேன். எதுவும் உதவவில்லை. ரேமை 32 ஆக்கினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். டாப்பில் பார்த்தால் பாதி ரேம் சும்மாதான் இருக்கிறது.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் பாக்கி. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலப்புறா:

ஒரு நீண்டகாலப் பதிப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது பழைய மிச்சங்கள் நிறைய ஒட்டிக்கொண்டு வரும். கோப்புகளைப் பேக்அப் எடுத்துக்கொண்டு 24.04ஐப் புதிதாகவே நிறுவிவிடுங்கள். ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் ஒரு மாலை நேர வேலைதான்.

மேசைவிளக்கு:

தூரிகைத்துளி, தயவுசெய்து இப்போது எதையும் அழிக்காதீர்கள். புதிதாக நிறுவினால் ஒருவேளை சரியாகலாம். ஆனால் ஏன் சரியானது என்று தெரியாமலே போய்விடும், அடுத்த அப்கிரேடில் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். உங்கள் பிரஷ் செட்டிங், டேப்லெட் மேப்பிங் எல்லாவற்றையும் மறுபடி கட்டி எழுப்பவும் வேண்டும்.

நீங்கள் தொடர்பில்லை என்று நினைத்து எழுதிய பத்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளிச்ச விசை, வெளி மானிட்டர், தூங்கி எழுதல் ஆகிய மூன்றையும் கவனிப்பது கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையத்தில், இருக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர். மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன என்றால் அந்த டிரைவரே ஏறவில்லை என்று பொருள். இதற்கும் ரேமுக்கும் சம்பந்தமே இல்லை, காசை வீணாக்காதீர்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இப்போது உங்கள் திரையை வரைவது யார்? மெசா யூட்டில்ஸ் என்ற பொதியை நிறுவிக்கொண்டு டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையைக் கொடுங்கள். பின்னால் ஒரு வெளி விட்டு, ஹைஃபன், அதை ஒட்டிப் பெரிய எழுத்து பி. வருவதில் ரெண்டரர் என்று இருக்கும் வரியையும், ஆக்ஸிலரேட்டட் என்பதற்கு எதிரே யெஸ்ஸா நோவா என்பதையும் இங்கே எழுதுங்கள்.

இரண்டாவது, எல்எஸ்பிசிஐ கட்டளையை ஹைஃபன் கே சேர்த்துக் கொடுங்கள். இரண்டு கிராஃபிக்ஸ் சிப்பையும் அதில் தேடிப் பிடிக்க வேண்டும். என்விடியா சிப் விஜிஏ என்ற பெயரில் வராது, 3டி கன்ட்ரோலர் என்று தனியாக வரும். பலர் இதைக் கவனிக்காமல் சிப்பே காணவில்லை என்று பயந்துவிடுவார்கள். இரண்டின் கீழும் "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருக்கிறதா, "கர்னல் மாட்யூல்ஸ்" வரியில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

மூன்றாவது, ப்ராக் அடைவில் சிஎம்டிலைன் என்று ஒரு கோப்பு இருக்கிறது. கேட் கட்டளையால் திறங்கள், ஒரே வரிதான். கர்னல் எந்தச் சொற்களோடு கிளப்பப்பட்டது என்பது அதில் இருக்கும்.

தூரிகைத்துளி:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. வந்ததை அப்படியே தருகிறேன்.

ரெண்டரர் வரியில்: எல்எல்விஎம்பைப், அடைப்புக்குள் 256 பிட்ஸ். ஆக்ஸிலரேட்டட்: நோ.

எல்எஸ்பிசிஐயில் இன்டெல் சிப்பின் கீழே "கர்னல் மாட்யூல்ஸ்: ஐ915" என்று மட்டும் இருக்கிறது. "டிரைவர் இன் யூஸ்" வரியே இல்லை. நீங்கள் சொன்னபடி 3டி கன்ட்ரோலர் என்று தேடியதில் எம்எக்ஸ்150 கிடைத்தது. அதிலும் "இன் யூஸ்" இல்லை. மாட்யூல்ஸ் வரியில் என்விடியாஎஃப்பி, நூவோ என்று இரண்டு பெயர்கள்.

சிஎம்டிலைன் வரியின் கடைசியில் ரெகவரி என்றும், அதை அடுத்து நோமோட்செட் என்றும் இருக்கிறது.

ரெகவரி என்பது எங்கிருந்து வந்தது என்று தெரியும். அப்கிரேடு முடிந்து முதல் தடவை பூட் ஆனபோது லோகோ வந்தது, பிறகு திரை கறுப்பாகி உறைந்துவிட்டது. கேப்ஸ் லாக் விளக்குகூட மாறவில்லை. பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், ரெகவரி மோடைத் தேர்ந்து, அதில் ரெஸ்யூம் கொடுத்தால் டெஸ்க்டாப் வரும் என்று ஒரு குழுவில் சொன்னார்கள். வந்தது. அன்றிலிருந்து தினமும் அந்த வழியாகத்தான் நுழைகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 22.04இல் என்விடியா டிரைவரை நண்பர் ஒருவர் உபுண்டுவுடையது அல்லாத வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

மேசைவிளக்கு:

கதை முழுதாகக் கிடைத்துவிட்டது. உங்கள் லேப்டாப்பில் பழுது எதுவும் இல்லை, தைரியமாக இருங்கள்.

மெதுவாக இருப்பதற்கான காரணத்தை முதலில் சொல்கிறேன். ரெகவரி மோட் கர்னலுக்கு நோமோட்செட் என்ற சொல்லையும் சேர்த்தே அனுப்பும். பழுது பார்க்க எப்படியாவது ஒரு திரை வேண்டும் என்பதற்காக, கிராஃபிக்ஸ் டிரைவர்கள் எதுவும் சிப்பைத் தொட வேண்டாம் என்று சொல்லும் உத்தரவு அது. ரெஸ்யூம் அழுத்தினாலும் அந்த உத்தரவு நீங்காது. சில கிராஃபிக்ஸ் டிரைவர்களுக்கு முழு பூட் தேவை என்று அந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை வரும், ஓகே அழுத்தும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

ஆக இன்டெல் சிப்பின் டிரைவரான ஐ915 ஏறவில்லை. பூட்டின்போது ஃபர்ம்வேர் ஏற்படுத்திக் கொடுத்த வெறும் ஃபிரேம் பஃபர்தான் (திரைப் படத்தை வைக்கும் நினைவிடம்) இப்போது உங்கள் திரை. கீழே சிப் இல்லை என்று தெரிந்ததும் மெசா என்ற கிராஃபிக்ஸ் நூலகம், திரையில் வரையும் ஓபன்ஜிஎல் வேலை முழுவதையும் சிபியுவின் தலையில் ஏற்றிவிடுகிறது. அந்த மென்பொருள் வழிக்குத்தான் எல்எல்விஎம்பைப் என்று பெயர். ஜன்னலின் நிழல், எழுத்து, மவுஸ் நகர்வு, வீடியோ எல்லாமே சிபியுவில் கணக்குப் போட்டு வரையப்படுகின்றன. க்னோம் ஷெல் 200 சதவீதம் காட்டுவது இதனால்தான்.

கிரிட்டாவில் இது மற்ற எதையும்விட அதிகமாக உறுத்துவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. கிரிட்டா தன் பிரஷ் கணக்குகளை எப்போதுமே சிபியுவில்தான் போடுகிறது. பேனாவின் அழுத்தம், சாய்வு, நிறக்கலப்பு எல்லாம் அங்கேதான். கேன்வாஸைத் திரையில் காட்டுவது, பெரிதாக்குவது, சுழற்றுவது மட்டும் கிராஃபிக்ஸ் சிப்பின் வேலை. இப்போது இரண்டும் ஒரே கோர்களுக்கு முட்டி மோதுகின்றன. நீங்கள் கூந்தல் கற்றையை இழுக்கும் அந்த நொடியில் பிரஷ்ஷுக்குக் கிடைக்க வேண்டிய சிபியுவை டெஸ்க்டாப் தின்றுகொண்டிருக்கிறது. கோடு ஒடிந்து வந்ததற்கு உங்கள் கையோ டேப்லெட்டோ காரணம் இல்லை. கேன்வாஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்தும் பலன் தெரியாததும் இதனால்தான். சிப்பே இல்லாத இடத்தில் அந்த டிக் என்ன செய்யும்?

அடுத்த கேள்வி, சாதாரண பூட் ஏன் உறைகிறது? அப்கிரேடு செய்யும்போது வெளிக் களஞ்சியங்கள் எல்லாம் முடக்கப்படும். அவற்றிலிருந்து வந்த பொதிகள் தேவையற்றவை என்ற கணக்கில் நீக்கப்படவும் கூடும். உங்கள் மாட்யூல்ஸ் வரியில் என்விடியா என்று தனியாக ஒரு பெயர் இல்லை, என்விடியாஎஃப்பியும் நூவோவும்தான் இருக்கின்றன. நண்பர் போட்டுக் கொடுத்த டிரைவர் போய்விட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த டிரைவர் இருந்தவரை நூவோவை ஏறவிடாமல் தடுத்து வைத்திருந்தது. அது போனதும் தடையும் போனது, சாதாரண பூட்டில் நூவோ எம்எக்ஸ்150ஐ எழுப்பப் பார்க்கிறது, அங்கேதான் தொங்குகிறது என்பது என் கணிப்பு. நூவோ, தன்னார்வலர்கள் பெரும்பாலும் சிப்பின் நடத்தையைப் பார்த்துப் பார்த்தே எழுதிய திறந்தமூல டிரைவர். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இரட்டை கிராஃபிக்ஸ் லேப்டாப் சிலவற்றில், மின்சாரத்தை அணைத்துப் போடும் இடத்தில் அது சிக்கிக்கொள்ளும். எம்எக்ஸ்150 பாஸ்கல் தலைமுறைச் சிப். அந்தத் தலைமுறைக்குக் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் வேண்டியிருப்பதால் நூவோவால் அதன் வேகத்தையும் கூட்ட முடியாது. ஒழுங்காக ஏறியிருந்தாலும் அதனால் உங்களுக்குப் பெரிய பயன் இருந்திருக்காது.

கணிப்பை ஊர்ஜிதம் செய்துகொள்வோம். ஒரு தடவை சாதாரணமாக பூட் செய்து உறையவிடுங்கள். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு ரெகவரி வழியாக உள்ளே வாருங்கள். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் ஹைஃபன் கே, ஹைஃபன் பி, கடைசியில் கழித்தல் 1 கொடுத்தால், உறைந்துபோன அந்த பூட்டின் கர்னல் செய்திகள் வரும். இறுதி வரிகளில் நூவோ என்று இருக்கிறதா பாருங்கள்.

இருந்தால் செய்ய வேண்டியது இதுதான். மெஷினை ரீஸ்டார்ட் செய்து க்ரப் மெனுவில் முதல் வரியில், அதாவது சாதாரண உபுண்டு வரியில் நின்று, ஈ விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் நீண்ட வரியின் கடைசிக்குப் போய், ஒரு வெளி விட்டு, நூவோ, புள்ளி, மோட்செட், சமக்குறி, பூஜ்யம் என்று நடுவில் இடைவெளி இல்லாமல் சேருங்கள். நூவோ என்பதற்கு எல்எஸ்பிசிஐ காட்டிய அதே எழுத்துக்கூட்டல், அது பிரெஞ்சுச் சொல், காதில் கேட்பதுபோல எழுதினால் தவறிவிடும். பிறகு எஃப்10. இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், எதுவும் நிரந்தரமாக மாறாது, பயப்பட வேண்டாம்.

நோமோட்செட் எல்லா டிரைவரையும் வாயடைக்கிறது. இது நூவோவை மட்டும் நிறுத்துகிறது. ஐ915 தன் வேலையைச் செய்யும். தொல்லை ஒரு சிப்பில் இருக்கும்போது இரண்டையும் சேர்த்து அணைத்துவிட்டு மாதக்கணக்கில் அவதிப்படுபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கிறது. "கறுப்புத் திரையா, நோமோட்செட் போடு" என்று ஒரே வரியில் பதில் எழுதுபவர்கள், டெஸ்க்டாப் வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

நீலப்புறா:

இதைப் படித்த பிறகு நானும் புதிதாக நிறுவச் சொல்ல மாட்டேன். விண்டோஸிலும் இப்படி ஒன்று உண்டு, அங்கிருந்து வருபவர்களுக்காக எழுதுகிறேன். அப்கிரேடுக்குப் பிறகு டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் கீழே சிப்பின் பெயருக்குப் பதில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் அங்கேயும் இதே நிலைமைதான், சரியான டிரைவர் ஏறவில்லை.

பனியெழுத்து:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் 24.04க்குப் பிறகு இழுக்கிறது. ஆனால் ரெண்டரர் வரியில் சிப்பின் பெயர் சரியாக இருக்கிறது, ஆக்ஸிலரேட்டட் யெஸ். இன்டெல் மட்டும்தான், 4கே திரை, 150 சதவீத ஸ்கேலிங். லாகின் திரையில் பழைய திரை முறையான எக்ஸ்ஆர்க் அமர்வைத் தேர்ந்து நுழைகிறேன்.

மேசைவிளக்கு:

பனியெழுத்து, உங்களுடையது வேறு வியாதி. எக்ஸ்ஆர்க் அமர்வில் 150 சதவீதம் கேட்டால், டெஸ்க்டாப் முதலில் 200 சதவீதத்தில் வரையப்பட்டுப் பிறகு சுருக்கப்படுகிறது. 3840×2160 திரைக்கு உள்ளே 5120×2880 அளவில் வரைய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறக்குறைய 78 சதவீதம் கூடுதல் பிக்சல்கள். லாகின் திரையில் பல்சக்கரத்தை அழுத்திப் புதிய முறையான வேலண்ட் அமர்வுக்கு மாறிப் பாருங்கள். அது முடியாதென்றால் ஸ்கேலிங்கை முழு 200க்கு வைத்து எழுத்தளவைக் குறையுங்கள். மேல்மூலை மெனுவில் பவர் மோட் பவர் சேவரில் நிற்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தூரிகைத்துளி:

அண்ணா! உறைந்த பூட்டின் கடைசி வரிகளில் நூவோ, டைம்அவுட் என்று அடுக்கடுக்காக இருந்தது. க்ரப்பில் நீங்கள் சொன்னதைச் சேர்த்து எஃப்10 அழுத்தினேன், நேராக லாகின் திரைக்கு வந்துவிட்டது. ரெண்டரர் வரியில் இப்போது மெசா இன்டெல் யுஎச்டி கிராஃபிக்ஸ் 620. வெளிச்ச விசை வேலை செய்கிறது. எச்டிஎம்ஐ மானிட்டரும் வந்துவிட்டது, அதற்காக நான் எதுவுமே செய்யவில்லை. கிரிட்டாவில் பெரிய வாட்டர்கலர் பிரஷ்ஷை எடுத்து வேகமாகச் சுழித்தேன், முனை பேனாவோடேயே வருகிறது. க்னோம் ஷெல் பத்து சதவீதத்துக்குக் கீழே.

இனி இதை எப்படி நிரந்தரமாக்குவது? எம்எக்ஸ்150ஐயும் பயன்படுத்த வேண்டும், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் எப்போதாவது ரெண்டர் செய்வேன்.

மேசைவிளக்கு:

மிகவும் மகிழ்ச்சி. இந்தச் சிப்போடு வரும் லேப்டாப்புகளில் மானிட்டர் இணைப்பு பெரும்பாலும் இன்டெல் பக்கம்தான் இருக்கும், அதனால்தான் ஐ915 ஏறியதும் எச்டிஎம்ஐ தானாக வந்துவிட்டது.

நிரந்தரத்துக்கு என்விடியா டிரைவரையே போட்டுவிடலாம். இம்முறை வெளிக் களஞ்சியம் வேண்டாம், சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸில் அடிஷனல் டிரைவர்ஸ் பக்கம் போதும். அந்தப் பட்டியலில் ஒரே எண் இரண்டு மூன்று விதமாக வரும். பெயரின் கடைசியில் ஓபன் என்று ஒட்டியிருப்பதைத் தொடாதீர்கள். அந்தத் திறந்த கர்னல் மாட்யூல் டூரிங் தலைமுறையிலிருந்துதான் வேலை செய்யும், உங்களுடையது அதற்கு முந்தையது. செர்வர் என்று ஒட்டியதும் வேண்டாம். பாஸ்கலுக்கு 580 வரிசைதான் கடைசி, அதற்கு மேற்பட்ட எண்கள் உங்கள் சிப்பை ஆதரிக்காது. 535 அல்லது அதற்கு மேல் 580 வரை, ப்ரொப்ரைட்டரி என்றும் டெஸ்டட் என்றும் குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

செக்யூர் பூட் (கையொப்பமில்லாததை ஏறவிடாத பூட் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கக்கூடும். கேட்டால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும், பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும். உள்ளே என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். கன்டின்யூ பூட் கொடுத்துவிட்டால், அல்லது நீங்கள் அறைக்கு வெளியே போயிருந்தால், டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் கர்னல் அதை ஏற்க மறுக்கும்.

எல்லாம் முடிந்ததும் ப்ரைம் செலக்ட் கட்டளையில் ஆன் டிமாண்ட் என்று வையுங்கள். டெஸ்க்டாப்பையும் கிரிட்டாவையும் இன்டெல்லே பார்த்துக்கொள்ளும், எம்எக்ஸ்150 கூப்பிட்டால் வரும். பிளெண்டர் ஐகான் மேல் வலது கிளிக் செய்தால் தனி கிராஃபிக்ஸ் கார்டில் திறக்கும் தேர்வு இருக்கும். நூவோவைத் தடுக்கும் வேலையைப் புது டிரைவரே எடுத்துக்கொள்ளும், க்ரப்பில் எதையும் நிரந்தரமாக எழுத வேண்டியதில்லை. டிரைவர் போடும்வரை ஒவ்வொரு பூட்டுக்கும் அந்தச் சொல்லைக் கையால் சேர்த்துக்கொண்டால் போதும். கிரிட்டாவில் அணைத்து வைத்த கேன்வாஸ் ஆக்ஸிலரேஷனை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

தூரிகைத்துளி:

550 போட்டேன், நீலத் திரையும் வந்தது, காத்திருந்து பிடித்துவிட்டேன். எல்எஸ்பிசிஐயில் இப்போது இரண்டு சிப்பின் கீழும் "இன் யூஸ்" வரி இருக்கிறது, ஒன்றில் ஐ915, மற்றதில் என்விடியா. மூடியைச் சாத்தித் திறந்தாலும் திரை வருகிறது. கேன்வாஸ் ஆக்ஸிலரேஷன் போட்டாயிற்று. நீங்கள் செலவழித்த நேரத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. நாளைக்குக் கர்னல் அப்டேட் வந்து மறுபடி கறுப்புத் திரை வந்தால் என்ன செய்யட்டும்?

மேசைவிளக்கு:

அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கர்னலும் பட்டியலில் இருக்கும். அடைப்புக்குள் ரெகவரி மோட் என்று இல்லாத வரியைத் தேர்ந்தெடுங்கள், முழு கிராஃபிக்ஸோடு வேலையைத் தொடரலாம். பிறகு, ஒவ்வொரு கர்னலுக்கும் டிரைவரைத் தொகுத்துத் தரும் டிகேஎம்எஸ்ஸின் ஸ்டேட்டஸ் கட்டளை கொடுங்கள். புதுக் கர்னலின் எண்ணுக்கு நேரே என்விடியா இன்ஸ்டால்டு என்று இருக்கிறதா என்று காட்டும். கட்டளையே இல்லை என்று வந்தாலோ பட்டியல் காலியாக இருந்தாலோ, கர்னலோடு சேர்ந்து வரும் ஆயத்த மாட்யூலில் ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். அப்போது புதுக் கர்னலின் எண்ணுக்கு உரிய என்விடியா மாட்யூல் பொதி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும் வந்த வரிகளை இதே இழையில் போடுங்கள், பார்த்துவிடுவோம்.